பங்கிடுவதா, அள்ளுவதா, வாய்ப்பாடா: வகுத்தலை எதில் தொடங்குவது?

என் அக்கா மகள் 612ஐ 6ஆல் வகுத்து 12 என்று எழுதி வைத்திருந்தாள். அறுநூற்றுச் சொச்சத்தை ஆறு பேருக்குக் கொடுத்தால் ஆளுக்குப் பன்னிரண்டுதானா கிடைக்கும் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தாள். "இல்ல சித்தி, நூறுக்கு மேல வரணும்" என்றாள். மறுபடி நோட்டைப் பார்த்தாள். "ஆனா கணக்குப்படி 12தான் வருது."

அந்தக் "கணக்குப்படி"தான் என்னை யோசிக்க வைத்தது. அவள் மனசுக்குள் ஒரு வகுத்தல் இருக்கிறது, அது சரியாகவே இருக்கிறது. நோட்டில் வேறொரு வகுத்தல் இருக்கிறது. இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

வகுத்தலே தெரியாத ஒருவருக்கு அதை எந்த வழியில் சொல்லிக் கொடுப்பது? அவர் எட்டு வயதுப் பிள்ளையாக இருக்கலாம், படிப்பை விட்டுப் பல வருடம் கழித்து மறுபடி உட்காரும் பெரியவராகவும் இருக்கலாம். புழக்கத்தில் உள்ள வழிகள் நாலைந்துதான். எல்லாமே சரியான விடையைத் தருபவை. அதனால் எந்த வழி எவ்வளவு தூரம் கூட வரும், எந்த இடத்தில் கையை விடும் என்று பார்ப்பதே உபயோகம். அதற்கென்று ஐந்து கணக்குகளை எடுத்துக்கொண்டேன்: 12 ÷ 3, 14 ÷ 4, 612 ÷ 6, 1128 ÷ 36, கடைசியாக 6 ÷ ½. ஒவ்வொரு வழியையும் இவற்றில் ஓட்டிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஒரே கணக்கு, இரண்டு கேள்வி

12 பொத்தான்கள் இருக்கின்றன. 3 கிண்ணங்களில் சமமாகப் போட்டால் கிண்ணத்துக்கு எத்தனை? நாலு. அதே 12 பொத்தான்களை மும்மூன்றாகக் கூறு வைத்தால் எத்தனை கூறு? அதுவும் நாலு. தாளில் இரண்டுமே 12 ÷ 3 = 4. கையோ இரண்டு தடவையும் வேறு வேறு வேலை செய்தது. முதல் கேள்வியில் 3 என்பது கிண்ணங்களின் எண்ணிக்கை. அடுத்ததில் 3 என்பது ஒரு கூறின் அளவு. விடையும் அப்படியே இடம் மாறுகிறது: ஒன்றில் 4 பொத்தான், மற்றதில் 4 கூறு.

பெரியவர்களுக்கு இது ஒரு வித்தியாசமாகவே தோன்றாது. பழகிப் பழகி இரண்டும் ஒன்றாகிவிட்டது. புதிதாகப் படிப்பவருக்கு ஒன்றாக வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

தமிழ்ச் சொற்களுக்குள் இரண்டு பார்வையும் இருப்பதைப் பாருங்கள். வகுத்து வரும் விடைக்கு ஈவு என்று பெயர். ஈதல், அதாவது கொடுத்தல், அதிலிருந்து வந்த சொல். அது பங்கு போடும் பார்வை. வகுத்தல் என்ற சொல்லோ வகை, வகுப்பு ஆகியவற்றுக்குச் சொந்தம். கூறு கூறாகப் பிரித்து வைப்பது. "இரண்டிரண்டாக", "மும்மூன்றாக", "நந்நான்காக", "ஐயைந்தாக" என்று எண்ணை அடுக்கிச் சொல்கிறோமே, அது அப்பட்டமாக இரண்டாவது பார்வை. "பன்னிரண்டையும் மும்மூன்றாக எடு" என்றால் பிள்ளைக்கு வேறு விளக்கமே தேவைப்படுவதில்லை. இவ்வளவு வசதியான சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு "மூன்றால் வகு" என்று மட்டும் ஏன் சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்குப் புரிந்ததே இல்லை.

பங்கிடுதல்

"ஆளுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு" என்று சுற்றிச் சுற்றிப் போடுவது. பள்ளிக்குப் போகும் முன்பே பிள்ளைகளுக்கு இது தெரியும். யாருக்காவது ஒன்று குறைந்தால் உடனே சண்டை வரும் என்பதால் சமம் என்ற கருத்தை விளக்கவே வேண்டாம். கழித்தல் தெரிய வேண்டாம், வாய்ப்பாடு தெரிய வேண்டாம். 14 ÷ 4 போட்டால் ஆளுக்கு 3 போய் 2 பொத்தான் கையில் நிற்கும். மீதி என்ற சொல்லை அந்த இரண்டைக் காட்டியே அறிமுகப்படுத்திவிடலாம்.

முதல் நாளுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் பத்தாம் நாளும் இதிலேயே இருந்தால் சிக்கல்.

ஏனென்றால், ஒவ்வொன்றாகப் போடும்போது மனக்கணக்கு எதுவும் நடப்பதில்லை. கை போடுகிறது, எல்லாம் தீர்ந்த பிறகு ஒரு கிண்ணத்தில் இருப்பதைக் கண் எண்ணுகிறது. 1128 பொத்தானை 36 கிண்ணத்தில் போடு என்றால் யாரும் எழுந்து போய்விடுவார்கள். 6 ÷ ½ வந்தால் வழி அடியோடு அடைபடுகிறது. அரைக் கிண்ணத்துக்குப் பங்கிடுவது எப்படி?

இன்னொரு சிக்கல் ஆழமானது. பங்கு போட்டால் கையில் இருந்ததைவிட ஆளுக்குக் கிடைப்பது எப்போதும் குறைவு. அதையே பார்த்துப் பழகியவர் "வகுத்தால் எண் சிறுக்கும்", "பெரியதைச் சிறியதால்தான் வகுக்கலாம்" என்று தானாகவே இரண்டு சட்டம் போட்டுக்கொள்வார். யாரும் சொல்லிக் கொடுக்காமலே வரும் சட்டங்கள் இவை. எஃப்ரெயிம் ஃபிஷ்பைனும் உடன் ஆய்வாளர்களும் இத்தாலிய மாணவர்களை வைத்துச் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வு இந்த மாதிரி உள்ளுக்குள் ஊறிய படிமங்களைப் பற்றியதுதான். வகுக்கும் எண் முழு எண்ணாக இருக்க வேண்டும், வகுபடும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, பின்னமும் தசமமும் படித்து முடித்த பிறகும் மாணவர்களை விட்டுப் போவதில்லை என்று அவர்கள் காட்டினார்கள்.

பங்கிடுதலுக்கு ஒரு நியாயமும் செய்துவிட வேண்டும். ½ ÷ 3 வந்தால் இதுதான் கைகொடுக்கும். அரைத் தாளை மூன்று பேருக்கு வெட்டினால் ஆளுக்கு முழுத் தாளில் ஆறில் ஒரு பங்கு. "அரையில் மூன்று எத்தனை தடவை அடங்கும்" என்று கேட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது.

கூறு வைத்தல், அல்லது தொடர் கழித்தல்

பன்னிரண்டிலிருந்து மூன்று மூன்றாக எடுத்துக்கொண்டே வருவது. 12, 9, 6, 3, 0. நாலு தடவை எடுத்தோம், விடை 4. எண்கோட்டில் வரைந்தால் 12இல் நின்றுகொண்டு பின்பக்கமாக மூன்று மூன்றாகத் தாவி 0க்கு வருவது.

இதில் உடனே ஒரு தப்பு வரும், முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை 12, 9, 6, 3, 0 என்று எழுதிவிட்டு எழுதிய எண்களை எண்ணும். ஐந்து இருக்கும். விடை 5 என்று சொல்லும். நின்ற இடங்களை எண்ணாமல் தாவிய தாவல்களை எண்ண வேண்டும். ஒவ்வொரு தடவை கழித்ததும் பக்கத்தில் ஒரு கோடு போடச் சொன்னால் இது சரியாகிவிடும். சிலர் 3 வந்ததும் "மூணு வந்திருச்சு" என்று நிறுத்திவிடுவதும் உண்டு. அப்போது "இன்னும் ஒரு மூணு எடுக்க முடியுமா?" என்று கேட்டால் போதும்.

14 ÷ 4 இந்த வழியில் இன்னும் தெளிவாக இருக்கிறது. 14, 10, 6, 2. இரண்டிலிருந்து நாலை எடுக்க முடியாது, நின்றுவிட்டோம். மீதி எப்போதும் வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்று பாடப்புத்தகம் விதியாகச் சொல்வதை இங்கே சொல்லவே வேண்டியதில்லை. மீதி 5 என்று எழுதியவரிடம் "அதில் இன்னொரு நாலு இருக்கே" என்று கேட்டால் அவரே திருத்திக்கொள்வார்.

6 ÷ ½ என்பதும் சாதாரணக் கேள்வியாகிவிடுகிறது. ஆறு தாள்களில் எத்தனை அரைத் தாள்? பன்னிரண்டு. வகுத்து எண் பெருத்தது ஏன் என்று யாரும் திகைக்கப் போவதில்லை.

612 ÷ 6இல்தான் மூச்சு வாங்கும். ஆறு ஆறாக 102 தடவை கழிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. நான் இதை வேண்டுமென்றே செய்ய விடுவேன். 612, 606, 600 என்று ஏழெட்டு வரி எழுதியதும் "மொத்தமா எடுக்கக் கூடாதா?" என்ற கேள்வி பிள்ளையிடமிருந்தே வரும். எடுக்கலாம்! அந்தக் கேள்விதான் அடுத்த படி. அதை நாம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டால் ருசி போய்விடும்.

வாய்ப்பாட்டைத் திருப்பிப் படித்தல்

56 ÷ 7? ஏழெட்டு ஐம்பத்தாறு, ஆகவே 8. வேகத்தில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. ஆனால் இதை முதல் வழியாக எடுப்பது எனக்கு உடன்பாடில்லை. வாய்ப்பாட்டை ஒப்பித்தே பழகியவர் 56 ÷ 7க்குப் பட்டென்று பதில் சொல்லிவிட்டு 58 ÷ 7க்கு விழிப்பார். 58 ஏழாம் வாய்ப்பாட்டில் இல்லை. "58க்குள் அடங்கும் ஏழின் பெரிய மடங்கு எது?" என்று தேடும் பழக்கம் கூறு வைத்துப் பார்த்தவருக்குத்தான் தானாக வரும்.

பெரியவர்கள் மறுபடி கற்கும்போது நிலைமை வேறு. அவர்களுக்கு வாய்ப்பாடு ஓரளவு நினைவிருக்கும், பொத்தான் எண்ணச் சொன்னால் கூச்சமாக இருக்கும். அவர்களுக்கு இதுவே வாசல்.

இந்த வழியோடு சேர்த்து ஒரு படத்தைக் காட்டிவிடுங்கள். 12 பொத்தானை 3 வரிசையாக, வரிசைக்கு 4 என்று அடுக்குங்கள். குறுக்கே பார்த்தால் மூன்று பேருக்கு ஆளுக்கு நாலு. நெடுக்கே பார்த்தால் மும்மூன்றாக நாலு கூறு. இரண்டு கேள்விக்கும் ஏன் ஒரே விடை என்பது இந்தப் படத்தில் இருக்கிறது. மூன்று பேருக்குப் பங்கிடும்போது ஒரு சுற்றுக்கு மூன்று பொத்தான் செலவாகிறது. ஆளுக்கு எத்தனை என்பதும் எத்தனை சுற்று என்பதும் ஒன்றுதான். ஒவ்வொரு சுற்றும் ஒரு கூறு. நானே இதைப் படிப்பெல்லாம் முடித்த பிறகுதான் உணர்ந்தேன். அதுவரை இரண்டு விடையும் ஏதோ தற்செயலாக ஒத்துப்போகின்றன என்ற நினைப்பிலேயே இருந்திருக்கிறேன்.

பூஜ்யத்தால் ஏன் வகுக்கக் கூடாது என்று கேட்டாலும் வாய்ப்பாடுதான் நல்ல பதில் தரும். 6 ÷ 0 என்றால், பூஜ்யத்தை எதால் பெருக்கினால் 6 வரும்? எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான் வரும், ஆகவே விடை கிடையாது. 0 ÷ 0 கேட்டால் எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்துகிறது, ஆகவே ஒரு விடை என்று சொல்ல முடியாது. 0 ÷ 6 மட்டும் ஒரு தொல்லையும் இல்லாமல் பூஜ்யம்.

எழுதிப் போடும் முறை: உண்மையான முடிவு இங்கேதான்

இதுவரை சொன்னவை பொருள் புரிவதற்கானவை. பெரிய எண்ணுக்குத் தாளில் ஒரு முறை வேண்டும். அதில் போட்டி இரண்டுக்கு நடுவே: நாம் எல்லாரும் படித்த நீள் வகுத்தல், இல்லாவிட்டால் மொத்தம் மொத்தமாக அள்ளிக் கழிப்பது.

நீள் வகுத்தலை நம் வாயில் எப்படிச் சொல்கிறோம் என்று கேளுங்கள். 612 ÷ 6. "6இல் 6 எத்தனை தடவை போகும்? ஒரு தடவை. 1ஐ இறக்கு. 1இல் 6 போகாது. 2ஐ இறக்கு. 12இல் 6 இரண்டு தடவை." போகாது என்று சொன்ன இடத்தில் பிள்ளை எதுவும் எழுதவில்லை, அவ்வளவுதான். 1, பக்கத்தில் 2. பன்னிரண்டு. சொன்னபடிதான் செய்திருக்கிறாள்.

இந்த வசனத்திலேயே ஒரு பொய் இருக்கிறது. முதலில் உள்ள 6 என்பது அறுநூறு. அறுநூறில் 6 ஒரு தடவையா போகும்? நூறு தடவை போகும். "எத்தனை தடவை போகும்" என்பது கூறு வைக்கும் பேச்சு. நீள் வகுத்தலின் எலும்புக்கூடோ பங்கிடுதல். பிள்ளைக்குக் கிண்ணத்தை வைத்துப் பங்கிடக் கற்றுக் கொடுத்துவிட்டு, தாளில் பங்கிடும் முறையையே கொடுத்து, அதைக் கூறு வைக்கும் வார்த்தைகளால் நடத்துகிறோம். என் அக்கா மகள் விழுந்தது அந்த இடைவெளியில்தான்.

அதே கணக்கைப் பங்கிடும் பேச்சில் சொல்லிப் பாருங்கள். கையில் நூறு கட்டு 6, பத்துக் கட்டு 1, ஒற்றை 2. ஆறு பேர். நூறு கட்டு ஆளுக்கு எத்தனை? ஒன்று, நூறின் இடத்தில் 1 எழுது. பத்துக் கட்டு ஆளுக்கு எத்தனை? ஒன்றை ஆறு பேருக்குக் கட்டாகக் கொடுக்க முடியாது, ஆளுக்குப் பூஜ்யம். பத்தின் இடத்தில் 0 எழுது. அந்தக் கட்டைப் பிரித்துவிடு, பத்து ஒற்றை வரும், ஏற்கெனவே இருக்கும் இரண்டோடு பன்னிரண்டு. ஒற்றை ஆளுக்கு எத்தனை? இரண்டு. விடை 102. "இறக்குவது" என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அது கட்டைப் பிரித்துச் சில்லறையோடு சேர்ப்பது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு கேள்வி கேட்டோம், ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பதில் எழுதினோம். பூஜ்யம் தொலைந்து போக இடமே இல்லை.

கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் வலப்பக்கத்தில் தொடங்க, வகுத்தல் மட்டும் ஏன் இடப்பக்கத்தில் தொடங்குகிறது என்ற கேள்விக்கும் கட்டுக் கணக்கே பதில். 52 ÷ 4ஐ ஒற்றையில் தொடங்கிப் பாருங்கள். 2 ஒற்றையை நாலு பேருக்குக் கொடுக்க முடியாது, வைத்துவிடுவோம். 5 பத்தில் ஆளுக்கு ஒன்று போக ஒரு பத்து மிச்சம், பிரித்தால் பத்து ஒற்றை. மறுபடி ஒற்றைக்கே வந்து நிற்கிறோம். பெரிய கட்டில் தொடங்கினால் மிச்சம் எப்போதும் கீழே இறங்கும், திரும்பிப் போக வேண்டியதில்லை.

இப்போது அள்ளிக் கழிக்கும் முறை. 612இலிருந்து நூறு ஆறுகளை ஒரே அள்ளில் எடு, 600 போகும். மிச்சம் 12, அதில் இரண்டு ஆறு. 100 + 2. பூஜ்யம் என்ற பிரச்சினை எழவே இல்லை, ஏனென்றால் இலக்கம் இலக்கமாக எதையும் எழுதவில்லை. "எத்தனை தடவை" என்ற பேச்சு இங்கே பொருத்தம்.

இதன் பலம் தெரிய வேண்டுமானால் 1128 ÷ 36ஐப் போட வேண்டும். 36இன் வாய்ப்பாடு யாருக்கும் மனப்பாடம் கிடையாது. பத்து தடவை அள்ளினால் 360 என்பது மட்டும் தெரியும். 1128இல் 360 போனால் 768, இன்னொரு 360 போனால் 408, இன்னொன்று போனால் 48. மூன்று பத்து ஆயிற்று. 48இல் ஒரு 36, மிச்சம் 12. ஈவு 31, மீதி 12. தைரியம் உள்ளவர் முதலிலேயே முப்பது அள்ளுவார், பயப்படுபவர் ஐந்து ஐந்தாக அள்ளுவார். குறைவாக அள்ளினால் இன்னொரு தடவை அள்ளலாம், எதையும் அழிக்க வேண்டாம். நீள் வகுத்தலில் அந்தச் சலுகை கிடையாது. 112இல் 36 எத்தனை? 2 என்று போட்டால் 72 போய் 40 மிச்சம், 36ஐவிடப் பெரியது, அழி. 4 என்று போட்டால் 144, மிஞ்சிவிட்டது, மறுபடி அழி. தாளில் ஓட்டை விழுவது இந்த இடத்தில்தான்.

வாய்ப்பாடே வராதவருக்கு இதற்கு உறவான, இன்னும் எளிய ஒரு முறை உண்டு: இரட்டித்தல். 36, 72, 144, 288, 576 என்று இரட்டித்துக்கொண்டே போய், பக்கத்தில் 1, 2, 4, 8, 16 என்று எழுதிக்கொள்ளுங்கள். 1128இலிருந்து 576ஐ எடுத்தால் 552. 288 போக 264. 144 போக 120. 72 போக 48. 36 போக 12. எடுத்தவற்றுக்கு நேரே இருப்பதைக் கூட்டினால் 16 + 8 + 4 + 2 + 1 = 31. பழைய எகிப்தியர்கள் வகுத்தது இப்படித்தான். சுமார் பொது ஆண்டுக்கு முன் 1550இல் ஆமோஸ் என்ற எழுத்தர் படியெடுத்த ரைண்ட் பாப்பிரஸ் சுருளில் இந்த இரட்டிப்பு முறை இருக்கிறது. இரண்டால் பெருக்கவும் கழிக்கவும் கூட்டவும் தெரிந்தால் போதும். பெருக்கல் வாய்ப்பாட்டைப் பார்த்துப் பயந்து ஒதுங்கும் பிள்ளைகளிடம் இதைக் காட்டினால் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அள்ளிக் கழிப்பதன் குறைகளை மறைக்கக் கூடாது. வரிகள் அதிகம், கழித்தல் அதிகம், ஆகவே கழித்தலில் தப்பு வர வாய்ப்பும் அதிகம். கடைசியில் பக்கத்தில் எழுதியதைக் கூட்ட மறப்பவர்களும் உண்டு. தசமத்துக்குப் போகும்போது சங்கடம்: 7 ÷ 4ஐ நீள் வகுத்தலில் புள்ளி வைத்து, பூஜ்யம் சேர்த்து 1.75 வரை இயல்பாக நீட்டலாம். பிற்பாடு இயற்கணிதத்தில் பல்லுறுப்புக் கோவைகளை வகுக்கும்போதும் நீள் வகுத்தலின் அமைப்புதான் வரும்.

நாடுகளும் இதில் ஒத்துப்போகவில்லை. நெதர்லாந்தில் நீள் வகுத்தலுக்கு "வால் வகுத்தல்" என்று பொருள்படும் பெயர். கீழே தொங்கும் வரிகளால் வந்த பெயர். அள்ளிக் கழிப்பதைக் "கடிக் கடியாக எடுக்கும் முறை" என்கிறார்கள். பள்ளியில் எது இருக்க வேண்டும் என்று அங்கே பெரிய சர்ச்சையே நடந்தது. இங்கிலாந்தில் 2014இல் நடைமுறைக்கு வந்த பாடத்திட்டம் ஐந்தாம் ஆண்டில் குறுகிய எழுத்து முறையையும் ஆறாம் ஆண்டில் நீள் வகுத்தலையும் கேட்கிறது. அமெரிக்காவின் பல மாநிலங்கள் ஏற்ற 2010ஆம் ஆண்டுப் பொதுத் தரங்கள் மூன்றாம் வகுப்பில் வகுத்தலின் பொருளைத் தொடங்கி, வழக்கமான நீள் வகுத்தல் சரளமாக வர வேண்டியது ஆறாம் வகுப்பில் என்கின்றன. நடுவே மூன்று வருடம்! நாமோ மூன்று வாரத்தில் எதிர்பார்க்கிறோம்.

குறியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் பிள்ளைகள் இதில் குழம்புவார்கள். ÷ குறியை அச்சில் முதலில் வகுத்தலுக்குப் பயன்படுத்தியவர் சுவிட்சர்லாந்தின் யோஹான் ரான், 1659இல். ஜெர்மானியக் கணிதவியலர் லைப்னிட்ஸ் 1684இல் இரண்டு புள்ளியைப் பயன்படுத்தினார். சாய்கோடு, பின்னக் கோடு, நீள் வகுத்தலின் வளைவு என்று இன்னும் சில. இவற்றில் வளைவுக்குள் மட்டும் எண்கள் இடம் மாறி உட்காரும்: 12 ÷ 3இல் முதலில் வரும் 12 வளைவுக்குள் போய், 3 வெளியே முன்னால் நிற்கும். இதைத் தனியாக ஒரு நாள் சொல்லிக் கொடுப்பது வீண் வேலை இல்லை.

மீதியை என்ன செய்வது

1128 ÷ 36ஐ நான் சும்மா எடுக்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தேசிய அளவில் நடந்த ஒரு மதிப்பீட்டில் 13 வயது மாணவர்களிடம் கேட்ட கேள்வி அது. ஒரு பேருந்தில் 36 வீரர்கள் ஏறலாம், 1128 வீரர்களை அழைத்துச் செல்ல எத்தனை பேருந்து வேண்டும்? சுமார் 70 சதவீதம் பேர் வகுத்தலைச் சரியாகவே செய்தார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் "31, மீதி 12" என்று எழுதினார்கள். 18 சதவீதம் பேர் 31 என்றார்கள், அதாவது பன்னிரண்டு பேரை நடுத்தெருவில் விட்டுவிட்டார்கள். 32 என்று எழுதியவர்கள் 23 சதவீதம்தான்.

இது எந்த முறையில் வகுத்தாலும் நேரும். ஆனால் தொடக்கத்திலிருந்தே "இங்கே மிச்சம் என்ன?" என்ற கேள்வியைக் கூடவே கேட்டு வந்தால் குறையும். 36 வீரர்கள் ஏறியதும் ஒரு பேருந்து புறப்படுகிறது, இன்னொரு 36, இன்னொன்று என்று கூறு வைப்பவரின் கண்ணுக்கு, கடைசியில் நிற்கும் 12 பேர் தெரிவார்கள். எண்ணை மட்டும் வகுத்தவருக்கு 12 என்பது விடைக்குப் பக்கத்தில் எழுதும் ஒரு வால். மீதியை விட்டுவிடும் கணக்கு, ஒன்று கூட்டிக்கொள்ளும் கணக்கு, பின்னமாக்கும் கணக்கு, மீதியையே விடையாகக் கேட்கும் கணக்கு என்று நாலையும் ஒரே எண்ணை வைத்துக் கேட்டுப் பாருங்கள். 14 ÷ 4 போதும். 14 மீட்டர் கயிற்றில் 4 மீட்டர்த் துண்டுகள் எத்தனை? மூன்று. 14 பேர், படகுக்கு 4 பேர், எத்தனை படகு? நாலு. 14 மீட்டர்க் கயிற்றை நாலு சம துண்டாக்கினால் ஒரு துண்டு எவ்வளவு? மூன்றரை மீட்டர். 14 பேர் நாலு நாலாக அணி சேர்ந்தால் அணியில்லாமல் நிற்பவர் எத்தனை? இரண்டு பேர்.

சரி, யாருக்கு எது?

முதன்முதலாகப் படிக்கும் பிள்ளைக்குப் பங்கிடுதலில் தொடங்குவேன், ஆனால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் அதில் தங்க மாட்டேன். நிறைய நாள் கூறு வைப்பதில். வாய்ப்பாடு வர வர அதைத் திருப்பிப் பார்ப்பதும் கூடவே நடக்கும், அதற்கென்று தனிப்பாடம் தேவையில்லை. எழுதும் முறைக்கு வரும்போது அள்ளிக் கழிப்பதை முதலில் வைப்பேன். நீள் வகுத்தல் அதற்குப் பிறகு, கட்டுகளை வைத்து, "ஆளுக்கு எத்தனை" என்ற பேச்சோடு. "போகும், போகாது" என்பதை அந்தப் பக்கமே விடமாட்டேன்.

வகுக்கும் எண் ஒற்றை இலக்கமாக இருக்கும் வரை கட்டுப் பேச்சு அருமையாக நடக்கும். இரண்டு இலக்கமானால் 36 பேருக்குக் கட்டுப் பிரிப்பதைக் கற்பனை செய்வது கஷ்டம். அங்கே அள்ளிக் கழிப்பதற்கு என் ஓட்டு. பள்ளி நீள் வகுத்தலையே கேட்டாலும், ஓரத்தில் 36, 72, 108, 144 என்று நாலைந்து மடங்குகளை எழுதி வைத்துக்கொண்டு போட்டால் அழிப்பான் வேலை பாதியாகக் குறையும்.

மறுபடி தொடங்கும் பெரியவருக்கு வாய்ப்பாட்டில் தொடங்கி நேரே அள்ளிக் கழிப்பதற்குப் போகலாம். பொத்தான் வேண்டாம். நீள் வகுத்தல் அவருக்குத் தேவையா என்றே கேட்க வேண்டும். பெரிய எண்ணுக்குக் கைப்பேசி இருக்கிறது, தோராயமாக எவ்வளவு வரும் என்று சொல்லத் தெரிவதுதான் அவருக்கு முக்கியம். அதற்கு அள்ளிப் பழகிய கை போதும்.

பரீட்சை அடுத்த வாரம், பிள்ளைக்கு நீள் வகுத்தல் வரவில்லை என்று வருபவர்களும் உண்டு. அப்போது புதிய முறை எதையும் நுழைக்காதீர்கள், இருக்கும் குழப்பம் கூடும். கணக்கைத் தொடுவதற்கு முன் விடை எத்தனை இலக்கம் வரும் என்று மட்டும் சொல்லச் சொல்லுங்கள். 612ஐ 6ஆல் வகுத்தால் நூறுகள் ஆளுக்கு ஒன்று கிடைக்கும், ஆகவே மூன்று இலக்கம். விடை எழுதும் இடத்தில் மூன்று சின்னக் கோடு போட்டுவிட்டு, ஒவ்வொரு கோட்டிலும் ஏதாவது ஒரு எண் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்ளட்டும். முடித்ததும் விடையை 6ஆல் பெருக்கி, மீதி இருந்தால் கூட்டி, 612 வருகிறதா என்று பார்க்கட்டும். அக்கா மகளிடம் 4020 ÷ 4 கொடுத்தபோது நாலு கோடு போட்டாள். நடுவில் இருந்த இரண்டு கோட்டிலும் பூஜ்யத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிட்டு, கடைசிக் கோட்டில் 5 எழுதினாள்.